நாய் கடித்த பிறகு: பெங்களூரில் நஷ்டஈடு கேட்க என்ன வழி?

அல்சூரில் இருக்கும் என் சித்தி வீட்டு அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. அதற்குள் முதல் தாள் ஒரு கிளினிக் சீட்டு. "இடது காலில் காயம். சுத்தம் செய்து டிடி ஊசி போடப்பட்டது." அவ்வளவுதான். அன்றைக்கு விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு, இந்திராநகரில் சமையல் வேலைக்குப் போகிற வழியில், பின்னாலிருந்து ஓடிவந்த தெருநாய் அவர் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. நான்கு பல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தச் சீட்டில் நாய் என்ற சொல்லே கிடையாது.

சித்தி சொல்லாமல் இல்லை. "நாய் கடிச்சிருச்சு டாக்டர்" என்றுதான் சொல்லியிருக்கிறார். அவசரத்தில் எழுதிய கை அதை எழுதவில்லை. மூன்று மாதம் கழித்து, நஷ்டஈடு கேட்கலாமா என்று நாங்கள் உட்கார்ந்து பேசியபோது, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்ற கேள்வி இதுதான்: நாய்தான் கடித்தது என்பதற்கு என்ன அத்தாட்சி?

நல்லவேளை, மறுநாளே அவர் மகள் சிவாஜிநகரில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப் போயிருந்தாள். அங்கே கொடுத்த தடுப்பூசி அட்டையில் நாய்க்கடி என்றும், மூன்றாம் வகை என்றும், ஊசி போட்ட நான்கு தேதிகளும் இருந்தன. அந்த ஒரு அட்டைதான் இன்று அவர் மனுவைத் தாங்கி நிற்கிறது. சட்டத்தில் வழி நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த வழியில் கால் வைக்க முதல் சில நாட்களில் சேர்த்த தாள்கள் வேண்டும். இது தெரியாமல்தான் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

முதலில் உயிர், அப்புறம் வழக்கு. ரேபிஸ் அறிகுறி வெளியே தெரிந்த பிறகு மனிதரைக் காப்பாற்றுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால் கடித்த உடனே, ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். காபித்தூள், மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். சித்தி வீட்டில் காபித்தூள்தான் முதலில் வைத்தார்கள். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் அதைக் கழுவி எடுக்கப் பட்ட பாட்டை அவர் மகள் இன்றும் சொல்வாள். தோல் கிழிந்து ரத்தம் வந்தால் அது மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது, இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்துக்குள்ளேயும் சுற்றிலும் போட வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் தடுப்பூசி முதல் ஊசி போட்ட நாள், அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று போகும். டெட்டனஸுக்குப் போடும் டிடி ஊசி வேறு, ரேபிஸ் ஊசி வேறு. டிடி போட்டாயிற்று என்று வீட்டுக்கு வந்துவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரியிலேயே ஓ.பி. சீட்டில் "நாய்க்கடி" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். கன்னடத்தில் எழுதினால் "நாயி கடித" என்று இருக்கும். எழுதாமல் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வர வேண்டாம். கடித்தது எந்த இடம், எத்தனை மணி, தெருநாயா வீட்டு நாயா என்பதும் அதில் ஏறினால் இன்னும் நல்லது. காயத்தைக் கழுவியதும் போனில் படம் எடுங்கள். ஆறுகிற ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம். கிழிந்த புடவையோ பேண்ட்டோ இருந்தால் துவைக்காமல் எடுத்து வையுங்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். நாய்க்கு உரிமையாளர் இருக்கிறாரா இல்லையா என்பதில்தான் பாதை இரண்டாகப் பிரிகிறது.

உரிமையாளர் இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு வருகிறது. தன் வசம் இருக்கும் விலங்கால் மனித உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராதபடி போதிய எச்சரிக்கை எடுக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலைக்கு முன்னால் இதுவே பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவாக இருந்தது. அப்போது அபராதம் வெறும் 1,000 ரூபாய். நாய் என்று மட்டும் அந்தப் பிரிவு சொல்லவில்லை, எந்த விலங்கும் என்கிறது. அல்சூர் சந்தில் கட்டாமல் விட்ட மாடு முட்டினாலும் இதே பிரிவுதான். காயம் பெரிதாக இருந்தால் 125ஆம் பிரிவையும் சேர்க்கலாம்; கொடுங்காயம் என்றால் அதில் மூன்று வருடம் வரை சிறை உண்டு.

இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். ஆனாலும் ஸ்டேஷனில் "பேசி முடிச்சுக்கங்க" என்பதுதான் பெரும்பாலும் முதல் பேச்சாக இருக்கும். நம் ஆட்களுக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. அந்தக் கூச்சத்தில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவோம். அப்படித் திரும்பக் கூடாது. ஒரு வெள்ளைத்தாளில், ஆங்கிலத்திலோ தெரிந்த ஒருவர் கையால் கன்னடத்திலோ, நடந்ததைத் தேதி நேரத்தோடு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் போலீஸ் எழுதிக்கொண்டு, சொன்னவருக்கே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று, குற்ற வழக்குகளின் நடைமுறையைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதியாமல் விட்டால் என்ன காரணம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குக் கர்நாடகத்தில் "ஹிம்பரஹ" என்று பெயர். அந்தத் தாளோடு மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம், அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

அபராதம் அரசுக்குப் போகும், நமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தண்டனை விதிக்கிற நீதிமன்றம் அந்தப் பணத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர உத்தரவிட முடியும். ஆனால் அபராதமே இவ்வளவுதான் எனும்போது அதில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. உண்மையான தொகை வேண்டுமானால் சிவில் வழக்கு. அங்கே நிரூபிக்க வேண்டியது உரிமையாளரின் அலட்சியம்: சங்கிலி இல்லாமல் விட்டார், கேட்டைத் திறந்து போட்டார், இந்த நாய் முன்னாலேயே ஒருவர் மேல் பாய்ந்தது அவருக்குத் தெரியும். இந்தக் கடைசி விஷயம் கனமானது. நாயின் குணம் தெரிந்தும் கட்டி வைக்காதவர் தப்பிப்பது கடினம். எதிர்வீட்டுப் பையனை அது போன மாதம் விரட்டியதைப் பார்த்தவர் யாராவது இருந்தால், அவர் பெயரையும் போன் நம்பரையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

சித்தியைப் போன்ற வீட்டுவேலைப் பெண்களுக்கு நடப்பது இன்னும் சிக்கல். வேலை செய்கிற வீட்டு நாயே கடித்துவிடும். வீட்டம்மா இரண்டாயிரம் ரூபாயைக் கையில் வைத்து "யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்பார். வேலை போய்விடுமே என்று இவரும் சரி என்றுவிடுவார். அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வீட்டு வேலை போனால் அந்த மாத வாடகை போய்விடும். ஆனால் இரண்டு விஷயம் செய்யலாம். முழு ஊசிக்கான செலவும், வேலைக்கு வர முடியாத நாட்களின் சம்பளமும் அந்த வீட்டார் பொறுப்பு என்பதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாகவாவது வாங்கி வையுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி, கம்பெனி ஊழியர் என்று இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள வேலையில் இருப்பவரை வேலை நேரத்தில் வேலை தொடர்பாக நாய் கடித்தால், அதை வேலையில் ஏற்பட்ட காயமாகப் பதியச் சொல்லிக் கேட்கலாம். இ.எஸ்.ஐ. அட்டையைப் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் மட்டும் எடுக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது; இதற்கும் எடுக்கலாம்.

தெருநாய் என்றால் யாரைக் கேட்பது? இங்கேதான் பலர் "அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்" என்று கையை விரித்துவிடுகிறார்கள். யாருமே பொறுப்பில்லை என்பது உண்மை இல்லை. தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் வேலை உள்ளாட்சியுடையது. 2001இல் வந்த விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023இல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. நாயைக் கொல்ல முடியாது என்று சட்டம் மாநகராட்சியின் ஒரு கையைக் கட்டியிருக்கிறது என்றால், இன்னொரு கையில் கருத்தடையும் தடுப்பூசியும் என்ற கடமையைக் கொடுத்திருக்கிறது. அந்தக் கடமை தவறியதுதான் நம் வழக்கின் அடித்தளம்.

இந்த ஊருக்கு இது புதிய கதையும் இல்லை. 2007 தொடக்கத்தில் சில வார இடைவெளியில் இரண்டு குழந்தைகள் தெருநாய்களால் கொல்லப்பட்டபோது பெங்களூரே கொந்தளித்தது. 2023இல் மாநகராட்சி எடுத்த கணக்கில் ஏறக்குறைய 2.79 லட்சம் தெருநாய்கள். 2019 கணக்கில் அது 3.10 லட்சமாக இருந்தது. கருத்தடை வேலை செய்யும் இடத்தில் எண்ணிக்கை குறைகிறது என்பதற்கு இது ஒரு சாட்சி. அப்படியானால் நம் தெருவில் ஏன் குறையவில்லை என்று கேட்கிற உரிமையும் நமக்கு வருகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்கச் சரியான கருவி தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். நம் வார்டில் கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை நாய்களுக்குக் கருத்தடை நடந்தது, எத்தனைக்கு ரேபிஸ் ஊசி போட்டார்கள், இந்தத் தெருவிலிருந்து நாய்த் தொல்லை பற்றி எத்தனை புகார் வந்தது, ஒவ்வொன்றின் மேலும் என்ன நடவடிக்கை. கர்நாடகத்தில் மனு 150 வார்த்தைக்குள், ஒரே பொருள் பற்றி இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. அதை மனதில் வைத்து எழுதுங்கள். வருகிற பதில் அலட்சியத்தைக் காட்டினால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு தாள்தான்.

புகாரைப் பொறுத்தவரை, 1533க்குப் போன் செய்தால் புகார் எண் தருவார்கள். அந்த எண்தான் முக்கியம். கடிப்பதற்கு முன்னாலேயே தெருவில் நாலு பேர் புகார் கொடுத்திருந்தால், தெரிந்தும் சும்மா இருந்தார்கள் என்று காட்ட முடியும். சித்தி இப்போது பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரின் ஓரத்தில் புகார் எண்ணையும் எழுதி வைக்கிறார். 2025 செப்டம்பரில் பழைய பி.பி.எம்.பி. மாநகராட்சி போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன என்பதையும் கவனியுங்கள். மனுவும் நோட்டீஸும் உங்கள் பகுதி எதில் வருகிறதோ அந்த மாநகராட்சி ஆணையர் பெயருக்கே போக வேண்டும். பழைய பெயரில் எழுதி, "இது எங்களுடையது இல்லை" என்று திரும்பி வந்தால் ஒரு மாதம் வீண்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? கர்நாடக அரசு 2025 நவம்பரில் ஒரு தொகை அறிவித்தது. தெருநாய் கடித்து தோல் துளைபட்டாலோ கிழிந்தாலோ 5,000 ரூபாய். அதில் 3,500 பாதிக்கப்பட்டவர் கைக்கு, 1,500 சிகிச்சைச் செலவுக்காக மாநில அரசின் சுவர்ண ஆரோக்ய சுரக்ஷா டிரஸ்டுக்கு. உயிரிழப்பு என்றால் குடும்பத்துக்கு 5 லட்சம்.

இதைப் பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னதோடு வைத்துப் பாருங்கள். நாய்க்கடி வழக்குகளில் ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் 0.2 செ.மீ. காயத்துக்குக் குறைந்தது 20,000 ரூபாய் என்று அந்த நீதிமன்றம் வகுத்தது. மாவட்ட அளவில் குழு அமைத்து, மனு கொடுத்த நான்கு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்றும், கொடுக்கிற முதல் பொறுப்பு மாநிலத்துக்கே என்றும் சொன்னது. சித்தி காலில் இருக்கும் நான்கு தடம் சண்டிகரில் 40,000 ரூபாய், அல்சூரில் 3,500. பல் ஒன்றுதான், கால் ஒன்றுதான். இந்த இடைவெளி சரியில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பஞ்சாப் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது; ஆனாலும் கர்நாடக உயர்நீதிமன்றத்தில் வக்கீல் எடுத்துக்காட்டாக வைக்கத் தடையில்லை. கேரளத்தில் 2016இல் உச்சநீதிமன்றமே நீதிபதி சிரி ஜெகன் தலைமையில் ஒரு குழு அமைத்து, நாய்க்கடிபட்டவர்களின் இழப்பீட்டு மனுக்களை விசாரிக்க வைத்தது. கருணைத் தொகையாக இல்லாமல் உரிமையாகக் கேட்கலாம் என்பதற்கு இவை துணை நிற்கும்.

அரசு அறிவித்த தொகைக்கு மேல் கேட்க இரண்டு கதவு. ஒன்று, உயர்நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவின்படி ரிட் மனு. வாழும் உரிமை அரசு அமைப்பின் தவறால் பாதிக்கப்பட்டால் நேரடியாக இழப்பீடு தரலாம் என்பது 1983இன் ருதுல் ஷா, 1993இன் நீலபதி பெஹரா வழக்குகளிலிருந்து நிலைத்துவிட்ட கொள்கை. அந்த இரண்டும் சிறைக்காவல், போலீஸ் காவல் சம்பந்தப்பட்டவை என்றாலும், கொள்கை அவற்றோடு நின்றுவிடவில்லை. உண்மைகள் தெளிவாக, தாள்கள் கையில் இருந்தால்தான் ரிட் நிற்கும்; நாய் கடித்ததா இல்லையா என்பதே சர்ச்சை என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். இன்னொன்று சிவில் வழக்கு. அரசு மேல் வழக்குப் போட இரண்டு மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு. மாநகராட்சிக்கும் முன்னதாக நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். எதற்கும் கடித்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் எல்லாம் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலவரம்புச் சட்டத்தில் சில வகை இழப்பீட்டுக்கு ஒரே வருடம்தான். கடிபட்டது குழந்தை என்றால் காலக்கணக்கில் சலுகை உண்டு, ஆனாலும் காத்திருக்க வேண்டாம். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் வாடகை வீடு மாறிப் போய்விடுவார்கள்.

தொகையைக் கேட்கும்போது ஆஸ்பத்திரி பில்லோடு நிறுத்தாதீர்கள். ஊசிக்குப் போய்வந்த ஆட்டோ காசு, கூடப் போனவர் இழந்த கூலி, வேலைக்குப் போகாத நாட்கள், வலி, தழும்பு எல்லாம் கணக்கில் வரும். தினக்கூலி ஆட்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. மேஸ்திரியிடமோ வேலை செய்கிற வீட்டிலோ "இத்தனை நாள் வரவில்லை, நாளுக்கு இவ்வளவு" என்று தேதியும் கையெழுத்தும் போட்டு எழுதி வாங்குங்கள். சித்தி போகும் இரண்டு வீட்டில் ஒருவர் உடனே எழுதித் தந்தார். இன்னொருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். மூன்று முறை கேட்ட பிறகு தந்தார்.

வக்கீலுக்குக் காசு இல்லை என்பதாலேயே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படியுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. இவர்கள் யாருக்கும் வருமான வரம்பே பார்ப்பதில்லை. இந்தப் பிரிவு தனியாகப் பெயர் சொல்லாத மற்றவர்களுக்குத்தான் மாநிலம் வைத்திருக்கும் வருமான வரம்பு. தேசிய உதவி எண் 15100. பெங்களூரில் கர்நாடக மாநிலச் சட்டப்பணிகள் ஆணையம் சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டிடத்தில் இருக்கிறது. ஆதார், ஓ.பி. சீட்டு, தடுப்பூசி அட்டை, புகார் நகல் எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள்.

உச்சநீதிமன்றத்தில் நடப்பதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் சுருக்கமாக. 2025 ஆகஸ்ட் 11இல் டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க உத்தரவு வந்தது. ஆகஸ்ட் 22இல் மூன்று நீதிபதி அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், ரேபிஸ் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விடக்கூடாது என்றது. சோறு வைப்பதற்குத் தனி இடம் ஒதுக்கவும் சொன்னது. நவம்பர் 7இல் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றி, திரும்ப அங்கேயே விடக் கூடாது என்றது. ஆகவே பள்ளி வளாகத்திலோ ஆஸ்பத்திரி வாசலிலோ கடித்திருந்தால், அந்த இடத்தைப் புகாரில் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கோபத்தில் சிலர் பிஸ்கட்டில் விஷம் வைக்கிறார்கள். விலங்கைக் கொல்வதும் முடமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதா 325இன்படி ஐந்து வருடம் வரை சிறை. கடிபட்டவர் குற்றவாளியாகிவிடுவார், அவருடைய நஷ்டஈட்டு வழக்கும் அதோடு வலுவிழக்கும். அதுவும் போக, அந்த வாயில்லாத ஜீவன் ஊசி போடாமல் தெருவில் விடப்பட்டதற்கு அது காரணம் இல்லை.

நாயையும் படம் எடுத்து வைக்கச் சொல்வேன், தூரத்தில் நின்று. இரண்டு காரணம். கடித்த நாயைப் பத்து நாள் கவனித்தால் அது உயிரோடு நன்றாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் சொல்லலாம். அதற்காக ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. இன்னொன்று, கருத்தடை செய்த நாய்க்கு அடையாளமாகக் காதில் ஒரு சின்ன வெட்டு விடுவார்கள். சித்தி மகள் எடுத்த படத்தில் அந்தப் பழுப்பு நாய் பூக்கடைப் படிக்கட்டின் கீழே படுத்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தோம். இரண்டு காதும் முழுசாக இருக்கின்றன. அதை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, பின்னால் தேதி எழுதி, தடுப்பூசி அட்டைக்கு அடுத்த தாளாகக் கவரில் வைத்திருக்கிறோம்.